இடர் சூழ்ந்த நாளிலும் இசை மறவாத குடி

கோயிலின் பெருமையைக் கோபுரத்தின் உயரத்தால் அளப்போர் உண்டு. திருவிழாவிற்குத் திரளும் மக்கள் வெள்ளத்தால் அளப்போரும் உண்டு. ஆயினும், ஒரு கோயிலை எழுப்பிய மக்களின் பக்தி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், அம்மக்கள் கையில் ஒன்றும் இல்லாதிருந்த நாளில் இறைவனுக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதையே நோக்குதல் வேண்டும். பாலும் தேனும் பஞ்சாமிர்தமும் நிறைந்திருக்கும் காலத்தில் அபிடேகம் செய்வது எளிது. உலையிலிட அரிசி இல்லாத காலத்தில், கற்பூரம் வாங்கக் காசில்லாத காலத்தில், வீட்டை விட்டு வெளியேறவும் தடையிருந்த காலத்தில் வழிபாடு எவ்வாறு நடந்தது? கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த தமிழரின் நூற்றைம்பதாண்டு வரலாறு இவ்வினாவிற்குத் தரும் விடை ஒன்றே. எல்லாம் குறைந்தபோதும் பாட்டுக் குறையவில்லை.

அருளாளர் காட்டிய வழி

துன்பம் வந்தபோது பாடுவது தமிழர்க்குப் புதிதன்று. சைவத் திருமுறைகளின் வரலாறே அல்லலில் பிறந்த பாடல்களின் வரலாறாகும். திருநாவுக்கரசர் பெருமான் சூலைநோயால் வருந்திய வேளையிலே திருவதிகையில் தம் முதற் பதிகத்தைப் பாடினார். நீற்றறையில் ஏழுநாள் அடைக்கப்பட்டபோதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டபோதும் அவர் கைக்கொண்ட படைக்கலம் பாட்டே என்று பெரியபுராணம் பேசுகிறது. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்த நிலையில் தலந்தோறும் பாடிச் சென்று, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார்.

இவற்றுள் சிந்தைக்குரியது திருவீழிமிழலை வரலாறு. நாட்டைப் பஞ்சம் வாட்டிய நாளில், ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் அத்தலத்தில் தங்கியிருந்தனர். இறைவன் நாள்தோறும் அவர்களுக்குப் படிக்காசு வைத்தருள, அக்காசு கொண்டு அடியார் கூட்டத்துக்கு அமுதளித்தனர். சம்பந்தர் பெற்ற காசு வட்டங்கொடுத்து மாற்ற வேண்டியதாக இருந்தமையால், அவர் மடத்தில் அன்னம் படைக்கக் காலந்தாழ்ந்தது. அக்குறை நீங்க வேண்டி அவர் பதிகம் பாடினார். பசித்தவர்க்கு உணவு காலத்தில் சேரவேண்டும் என்பதே அப்பாட்டின் வேண்டுகோள். இன்னற் காலத்து வழிபாடு தன்னை மட்டும் காத்துக்கொள்ளும் வழியன்று, உடனிருப்பாரையும் காக்கும் வழி என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை.

வைணவ மரபும் இதற்கு விலக்கன்று. கோல்கொண்டாச் சிறையில் பன்னிரண்டாண்டுகள் வாடியபோது இராமபிரானைப் பாடிய பத்ராசலம் இராமதாசரின் கீர்த்தனைகள், பின்னாளில் தென்னாட்டுப் பஜனை மடங்களில் எல்லாம் ஒலித்தன. இத்தகைய மரபுகளை நெஞ்சில் சுமந்த மக்களே கடல்கடந்து மலாயா மண்ணில் காலடி வைத்தனர்.

காட்டுக் காய்ச்சலும் அன்னையின் கோயிலும்

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டில் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையவர்களின் முயற்சியால் தோன்றியது. 1885ஆம் ஆண்டில் அது ஹைஸ்திரீட் என வழங்கிய, இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்துக் கோலாலம்பூர், ஈயச் சுரங்கங்களைச் சுற்றி எழுந்த மண்ணும் அத்தாப்புக் கூரையுமான சிற்றூர். 1881ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து அதனை அழித்தன. மீண்டும் கட்டும்போது செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதற்காகச் செங்கற் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886ஆம் ஆண்டில் கிள்ளான் திசை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பாதை அமைக்கவும் காட்டை அழிக்கவும் தோட்டம் போடவும் தமிழர் வந்தனர்.

வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது காய்ச்சல். 1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது கிள்ளான் வட்டாரம் மலேரியாவின் பிடியில் இருந்தது. சதுப்பைத் திருத்தப் போனவன் இலயத்திற்குத் திரும்பி நடுங்கிப் படுத்தால், மறுவாரம் எழுவான் என்ற உறுதி இல்லை. அந்நிலையில் தோட்டத்து மக்கள் செய்த முதற்செயல், ஒரு மரத்தடியில் கல்லையோ சூலத்தையோ நட்டு, வேப்பிலை சார்த்தி, மாரித்தாயை அழைத்துப் பாடியதேயாகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டக் கோயில்கள் பலவும் இவ்வாறே தொடங்கின. தப்பும் உடுக்கையும் முழங்க, காப்புக் கட்டி, கரகம் எடுத்து, கூழ் வார்த்து, தீமிதித்து அவர்கள் அன்னையை வேண்டினர். பூசை செய்த பண்டாரமும் பெரும்பாலும் பகலில் பால்மரம் வெட்டிய தொழிலாளியே.

பாட்டு காய்ச்சலைப் போக்கியது என்று கூறுவது வரலாறாகாது. கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், கொசு பெருகும் சதுப்புகளை வடித்து வாய்க்கால் வெட்டச் செய்தமையாலேயே அங்கு நோய் தணிந்தது. அவ்வாய்க்கால்களை வெட்டும் உழைப்பிலும் தமிழர் கைகள் இருந்தன. பாட்டு செய்த பணி வேறு. தாயும் தமையனும் இல்லாத மண்ணில், கப்பலில் ஒன்றாக வந்தவனைத் தவிர உறவென்று சொல்ல ஒருவரும் இல்லாத மனிதனை, ஒரு கூட்டத்தின் நடுவே அது நிறுத்தியது. நோயுற்றவனுக்குக் கஞ்சி காய்ச்சவும், இறந்தவனைத் தூக்கிச் சென்று மண்ணிலிடவும் ஆட்கள் கிடைத்தது அக்கூட்டத்திலிருந்துதான். இலயங்களாக இருந்தவற்றை ஊர்களாக ஆக்கியது வழிபாடே எனலாம்.

மந்த காலமும் பஜனையும்

1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் மலாயாவை வாட்டியது. இரப்பர் விலை சரிந்து 1932ஆம் ஆண்டில் அடிமட்டத்தைத் தொட்டது. ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு என இருந்த கூலி ஏறத்தாழப் பாதியாயிற்று. 1930ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது விடைசொல்வோர் குறைந்துகொண்டே வந்தனர்.

திருவிழாவிற்கென ஒருநாள் கூலியை வழங்குவது தோட்டங்களில் வழக்கம். கூலியே தேய்ந்தபோது தேரும் வாணவேடிக்கையும் தேய்ந்தன. எஞ்சியது பஜனை. பஜனைக்கு மூலதனம் மிகச் சிறிது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் அதையே திருப்பிப் பாடுவது அதன் முறை. எழுத்தறியாதவரும் பாடலாம். ஆர்மோனியம் இல்லையெனில் சிங்கி போதும். சிங்கியும் இல்லையெனில் கைத்தாளம் போதும். பாட்டுப் புத்தகம் ஒன்று இருந்து, அதைப் படிக்க வல்லார் ஒருவர் இருந்தால் இலயம் முழுதும் பாடும். மார்கழி விடியலில் வாசல் வாசலாகப் பாடிச்செல்லும் பஜனைக் கோஷ்டிக்கு ஒரு கொத்துப் பூவும் ஒரு குவளை வெந்நீரும் தர இயலாத வீடு இல்லை. கிள்ளானில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தின் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் இந்நாமசங்கீர்த்தன மரபோடு இயைந்தவையே.

அந்நாளைய வழிபாட்டில் குறையே இல்லை என்று கருதுதலும் பொருந்தாது. தாயகத்துச் சாதி வேற்றுமைகள் கப்பலேறி இங்கும் வந்தன. கோயில்களிலும் அவை நுழைந்தன. பஜனை அவற்றை முற்றிலும் ஒழித்ததில்லை. எனினும் பின்பாட்டுப் பாடும் குரல்களுக்கிடையே எது எவருடையது எனப் பிரித்தறிய இயலாமை, அவ்வேற்றுமை நிலையானதன்று என்பதைச் செவிவழி உணர்த்திற்று.

பாடிய வாய் ஊமையாக அடங்கியிருந்தது என்றும் எண்ணுதல் கூடாது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடுதலும், துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கவேண்டும் என்ற இழிவு நீக்கமும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். படைகள் வரவழைக்கப்பட்டன, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தனர். இறைவன் முன் தலைவணங்கப் பழகிய மக்கள், மனிதன் முன் தலைநிமிரவும் அறிந்திருந்தனர்.

அரிசியற்ற ஆண்டுகள்

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. தமிழகத்துக் கப்பல்கள் நின்றன. அவற்றோடு அரிசியும், துணியும், மருந்தும், பூசைக்குரிய பொருள்களும் நின்றன. மரவள்ளிக்கிழங்கு மூன்று வேளை உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கோணிச் சாக்கை உடையாக்கி உடுத்தவர் பலர்.

பிரிக்பீல்ட்ஸ் மக்களின் துன்பம் மற்றொரு வகை. அங்கு வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் பெரும்பாலும் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிமாராகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்றியவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும், 1904ஆம் ஆண்டு முதல் நிற்கும் விவேகானந்தா ஆசிரமமும் அவ்வட்டாரத்தின் இரு கண்கள். மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பங்கள், அச்சம்பளத்தால் ஒன்றும் வாங்க இயலாத நிலையில், வீட்டுப் பின்புறத்தில் கிழங்கு நட்டன. இரயில் பட்டறைகள் நேசநாட்டு விமானங்களுக்கு இலக்காயின. 1945 மார்ச்சு மாதம் விழுந்த குண்டுகளால் அருகிலிருந்த சிலாங்கூர் அரும்பொருட்காட்சியகம் சிதைந்தது. கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் மரபில் வளர்ந்த குடும்பங்களுக்கு, சூரனை வேல் வென்ற கதை அந்நாளில் வெறும் பழங்கதையாக ஒலித்திருக்க இயலாது. கந்தசஷ்டியில் உண்ணாநோன்பு நோற்பவர்க்கு, ஆண்டு முழுதும் பசி நோன்பாகவே அமைந்துவிட்ட காலம் அது.

எல்லாவற்றினும் கொடியது சயாம் மரண இரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை ஜப்பானியர் 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற சொல்லை நம்பியும், வலுவில் பிடிக்கப்பட்டும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குச் சென்றனர். பேதியும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. மாண்டவர் தொகை எத்துணை என்பதற்கு முழுமையான பதிவேடு கூட இல்லை. போர்க்கைதிகளாய் இறந்த வெள்ளையர்க்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளியின் பெயரைத் தாங்கி நின்றது இலயத்தில் காத்திருந்த மனைவியின் ஒப்பாரி.

ஒப்பாரியும் வழிபாட்டைச் சேர்ந்ததா எனச் சிலர் வினவலாம். மாரியம்மன் சந்நிதியில் கைம்பெண் ஒருத்தி தன் கணவன் பெயரைச் சொல்லி, அவன் எங்கே என்று தாயை நோக்கிக் கேட்டு அழுவாளாயின் அதுவும் வழிபாடே. தேவார மூவரும் இறைவனைப் போற்றியதோடு நில்லாமல், உரிமையோடு கேட்டவர்கள், ஊடியவர்கள், கடிந்தவர்கள். கண்ணொளி இழந்த சுந்தரர் இறைவனை வாழ்த்திய முறை இனிமை மட்டும் உடையதன்று. துன்பத்தை மறைத்துப் பாடுவது பக்தியின் இலக்கணமாக ஒருநாளும் இருந்ததில்லை. துன்பத்தை உள்ளபடி எடுத்துச் சென்று அவன் திருமுன் வைப்பதே பாட்டு.

ஊரடங்கு நாள்கள்

போர் முடிந்தும் அமைதி வரவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் முதல் 1960ஆம் ஆண்டு ஜூலை வரை அவசரகாலம் நீடித்தது. சிதறிக்கிடந்த தோட்டக் குடியிருப்புகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. உணவுப் பொருள்கள் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. இரவில் ஊரடங்கு நிலவிய இடங்களில் விடிய விடிய ஆடும் கூத்துக்கு வழியில்லை. இரவுக்குரியதாக இருந்த வழிபாடு, பகலுக்கும் மாலைப் பொழுதுக்கும் சுருங்கியது. சுருங்கியும் நின்றது என்பதே கருதத்தக்கது. தேர் ஓடும் வீதி இல்லையேல் கோயில் வாசல். கோயில் வாசலும் இல்லையேல் வீட்டு விளக்கு. பாட்டு தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளவும் மீண்டும் பெரிதாக்கிக்கொள்ளவும் வல்லது.

இவ்வுண்மையை இத்தலைமுறையினரும் நேரில் கண்டனர். கொவிட்-19 பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஆலயக் கதவுகள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. 1892ஆம் ஆண்டு முதல் பத்துமலையில் கொண்டாடப்பட்டு வரும் தைப்பூசம், 2021 ஜனவரி 28ஆம் நாள் காவடியின்றிக் கழிந்தது. இலட்சக்கணக்கானோர் சூழ வரும் வெள்ளிரதம், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு மட்டுமே கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குச் சென்றது. 272 படிகளும் வெறிச்சோடின. அன்று இல்லங்களில் விளக்கேற்றி, குடும்பத்தார் கூடியமர்ந்து முருகனைப் பாடியவர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, ஊரடங்கு நாளில் தங்கள் பாட்டன் பாட்டியர் செய்ததையே செய்தனர். ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. பாட்டன் பாட்டியர்க்குப் பாடல்கள் மனப்பாடம். பேரப்பிள்ளைகள் பலருக்கு அவை கைப்பேசியில் இருந்தன.

கரையான் அரித்த ஏடும் காதில் விழுந்த பாசுரமும்

இவ்வேறுபாடு சிறிதன்று. இதன் பொருளை உணர்த்தும் இரு வரலாறுகளைத் தமிழ்ச் சமய மரபு காத்து வைத்துள்ளது. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டப்பட்டிருந்தன. இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டுதலால் அவ்வறையைத் திறந்தபோது, கரையான் அரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன. அவற்றுக்குரிய பண்களோ, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் வாயிலாக மீட்கப்பட்டன. வைணவத்தில் நாதமுனிகள், அடியார் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு, அதன் வழியே நாலாயிரத்தையும் தேடிப் பெற்றார். பூட்டி வைத்த ஏடு அழிந்தது. பாடிவந்த நாவு காத்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்துள்ளன. தோட்டக் கோயில்களுள் சில இடம்பெயர்ந்தன. சில புதுப்பொலிவு பெற்றன. சில இருந்த சுவடும் தெரியாமல் போயின. விக்கிரகத்தை இடமாற்றப் பாலாலயம் என்னும் முறை உண்டு. அத்தோட்டத்து மூதாட்டி பாடிய தாலாட்டையும் வரவுப்பாட்டையும் இடமாற்ற ஆகமத்தில் முறை ஏதும் இல்லை. அவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு அது சென்றால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆதலின் ஆலய நிருவாகங்களின் தலையாய கடமைகளுள் ஒன்று, பாடும் மக்களை வளர்ப்பதாகும். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளும், ஆலயந்தோறும் நடைபெறும் தேவார வகுப்புகளும் இத்திசையில் போற்றத்தக்க பணிகள். அவற்றோடு, ஒவ்வோர் ஆலயமும் தன் சுற்றுவட்டாரத்து முதியோர் அறிந்த பாடல்களைக் கேட்டு எழுதிவைத்தலும், அவற்றை இளையோர்க்குக் கற்பித்தலும் வேண்டும். திருவிழா நாளில் ஒலிபெருக்கியைச் சற்றே நிறுத்தி, கூடியிருக்கும் அடியார் அனைவரும் தம் குரலால் பாடும் ஒரு நாழிகையை வகுத்தலும் நன்று. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டப் பல்லாயிரம் வெள்ளி தேவை. ஒரு பிள்ளைக்கு ஒரு பதிகம் கற்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்னல் இனியும் வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது. வருங்கால் எவ்வடிவில் வரும் என்பதும் எவருக்கும் தெரியாது. ஆனால் அது வரும் நாளில், கதவு அடைபட்டிருந்தாலும், கை வெறுமையாக இருந்தாலும், நெஞ்சில் ஒரு பாட்டிருந்தால் வழிபாடு நில்லாது. பசித்தவனுக்கு ஒரு பிடி சோற்றைப் பகிரும் மனமும் வற்றாது. சதுப்பிலும் சயாமிலும் மாண்டுபோன பெயர் தெரியாத முன்னோர்கள் விட்டுச்சென்ற செல்வம் அதுவே.

எல்லாம் வல்ல அன்னை பராசக்தியின் திருவருளால் அச்செல்வம் தலைமுறை தலைமுறையாகத் தழைத்தோங்குவதாக! திருவிழாக் காணும் அடியார் யாவரும் நலமும் வளமும் பெற்று வாழ்வாராக!